பெற்றோர் பிணக்கும் பிள்ளைகளின் மனமும்



ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 38 ஆண்டுகள் பணியாற்றி 2019-ல் ஓய்வு பெற்றவன் நான். சிவில் டிப்ளமோ முடித்த கையோடு வேலையில் சேர்ந்தவன். மனநல மருத்துவனும் அல்ல, வழக்கறிஞனும் அல்ல. பிறகு உமக்கு ஏன் இந்த விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டிலேயே நடந்த விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன். என் மகளும் மருமகனும் 2017 முதல் பிரிந்து வாழ்கிறார்கள். பேரன் எங்களோடு பொம்மனஹள்ளியில் வளர்கிறான். இதை எழுத மகளிடம் சம்மதம் கேட்டேன். அவள் முழுவதும் படித்துப் பார்த்து இரண்டு வரிகளை அடித்துவிட்டு, "மீதியைப் போடுங்கப்பா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்றாள்.

பிரிந்தபோது பேரனுக்கு வயது ஆறு. அப்பா ஓசூரில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வந்து அழைத்துப் போவார், ஞாயிறு இரவு கொண்டுவந்து விடுவார். ஒவ்வொரு முறையும் சனிக்கிழமை காலையில் பையனுக்கு வயிறு வலிக்கும். ஞாயிறு இரவு திரும்பி வந்ததும் மறுபடி வலிக்கும். "அங்கே எதையோ தின்னக் கொடுத்திருக்கிறார்கள்" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார்.

இந்த இடத்தில் என் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிறு இரவு அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் விசாரணையைத் தொடங்கிவிடுவேன். அங்கே யார் யார் வந்தார்கள்? அம்மாவைப் பற்றி என்ன சொன்னார்கள்? புது வண்டி வாங்கியிருக்கிறாரா? ரயில்வேயில் விபத்து விசாரணைகளில் உட்கார்ந்த பழக்கம் எனக்கு. பையன் ஏதாவது பிடிவாதம் பிடித்தால், "அப்பன் புத்தி அப்படியே இருக்கு" என்பேன். எட்டு வயதில் ஒருநாள் இரவு பக்கத்தில் படுத்திருந்தவன் கேட்டான்: "தாத்தா, நான் அப்பா மாதிரின்னு சொல்றியே, அப்ப என்னையும் உனக்குப் பிடிக்காதா?"

எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கவும், தெரிந்தவர்களைக் கேட்கவும் ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிரிவா, சண்டையா?

பெற்றோர் பிரிந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். பிள்ளைக்காகவாவது ஒரே கூரையின் கீழ் இருங்கள் என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். இதில் பாதி உண்மை இருக்கிறது, பாதி இல்லை.

அமெரிக்காவில் பால் அமாட்டோ, புரூஸ் கீத் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த 92 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 1991-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 13,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றில் அடக்கம். விவாகரத்தான குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பிலும் நடத்தையிலும் மனநிலையிலும் சற்றுப் பின்தங்கியிருந்தது உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரிதாக இல்லை. அதைவிட முக்கியமாக, பெற்றோர் பிரியாமல் ஓயாது சண்டையிட்டுக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளைகளின் நிலை, பிரிந்தவர்களின் பிள்ளைகளுடைய நிலையைவிட மோசமாக இருந்தது.

வர்ஜீனியா மாநிலத்தில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற அம்மையார் 1972-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்துவந்தார். 2002-ல் அவர் எழுதிய நூலின்படி, பிரிந்த குடும்பத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன. பிரியாத குடும்பங்களில் இது நூற்றுக்கு 10. இந்தக் கணக்கை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். நூற்றில் 75 பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள் என்பது ஆறுதல். ஆனால் ஆபத்து இரண்டரை மடங்கு என்பதையும் தள்ளிவிட முடியாது.

அமாட்டோ குழுவினர் 1995-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு மேலும் தெளிவு தருகிறது. கடும் சண்டை நடந்த வீடுகளில், பெற்றோர் பிரிந்த பிறகு வளர்ந்த பிள்ளைகள் பின்னாளில் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். வெளியே தெரியும் சண்டை அதிகம் இல்லாத வீடுகளில் பெற்றோர் பிரிந்தபோதுதான் பிள்ளைகள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். காரணம் நமக்கே விளங்கும். நெருப்பு எரிகிற வீட்டைவிட்டு வெளியே வருவது ஒன்று. அமைதியாகத் தெரிந்த வீடு ஒருநாள் திடீரென்று இடிந்து விழுவது வேறு.

இவை மேலைநாட்டு ஆய்வுகள். நம் குடும்பங்களில் தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என்று பலர் இருப்பதால் எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை மனம் எங்கும் ஒன்றுதான்.

விரிசல் முன்பே விழுகிறது

தண்டவாளம் ஒருநாள் இரவில் திடீரென்று உடைந்ததாக வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். எங்களுக்குத் தெரியும், உள்ளே சிறு விரிசல் விழுந்து பல மாதம் ஆகியிருக்கும் என்று. அதனால்தான் அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு மைல் கணக்கில் நடந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடுகிறோம்.

குடும்பத்திலும் அப்படித்தான். பிரிட்டனில் 1958 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். அந்த விவரங்களை ஆண்ட்ரூ செர்லின் என்பவரும் குழுவினரும் ஆராய்ந்து 1991-ல் வெளியிட்டார்கள். பெற்றோர் பிரிந்த பிறகு 11 வயதில் பிள்ளைகளிடம் தெரிந்த சிக்கல்களில் பெரும்பகுதி, அவர்கள் பிரியும் முன்பே, 7 வயதிலேயே தெரிந்திருக்கிறது. குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம். விவாகரத்து என்ற காகிதம் வருவதற்குப் பல நாள் முன்பே, வீட்டுக்குள் நடந்த பிணக்கு பிள்ளையைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

ஆகவே சேர்ந்து வாழ்கிற பெற்றோர், இது நமக்கான கட்டுரை அல்ல என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

பிணக்கு பிள்ளையை எப்படிச் சேர்கிறது?

இரண்டு வழிகளில் சேர்கிறது. முதலாவது நேர்வழி. வீடு நிலைத்து நிற்குமா என்பதுதான் பிள்ளைக்கு முதல் கவலை. மார்க் கம்மிங்ஸ், பாட்ரிக் டேவீஸ் என்ற ஆய்வாளர்கள் 1994-ல் இதைப் பாதுகாப்பு உணர்வு என்ற கருத்தாக விளக்கினார்கள். அந்த உணர்வு ஆடிப்போனால் பிள்ளை காவல்காரனாக மாறிவிடுகிறது. அப்பாவின் பைக் சத்தம் எப்படி இருக்கிறது, அம்மா பாத்திரத்தை எப்படி வைக்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் வாய்ப்பாடு எங்கே மனத்தில் நிற்கும்? சில பிள்ளைகள் வேண்டுமென்றே குறும்பு செய்து சண்டையைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளும். சில பெண் குழந்தைகள் எட்டு வயதிலேயே பெரிய மனுஷியாகி இருவரையும் சமாதானம் செய்யும். இன்னும் சில, சத்தமே இல்லாமல் ஒதுங்கிவிடும். அதை நாம் சமர்த்துப் பிள்ளை என்று மெச்சுகிறோம்.

இங்கே ஓசூர் சாலையின் இருபுறமும் நம்மவர்கள் நிறைந்திருக்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை என்று பல ஊர்களிலிருந்து கார்மென்ட்ஸ் வேலைக்கும், கட்டட வேலைக்கும், எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளுக்கும் வந்தவர்கள். ஊரில் கணவன் மனைவி சண்டை போட்டால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து நடுவில் நிற்பார். பிள்ளை அத்தை வீட்டுக்கு ஓடிவிடும். இங்கே பத்துக்குப் பத்து அறையில் பிள்ளை எங்கே போகும்? போர்வைக்குள் தூங்குவதுபோல் படுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். வாய்ச்சண்டை இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாள்கணக்கில் பேசாமல் இருப்பதையும் பிள்ளைகள் உணர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி, பெற்றோர் வழியாகவே வருகிறது. ஓஸ்னத் எரெல், பானி பர்மன் என்ற இருவர் 68 ஆய்வுகளைத் தொகுத்து 1995-ல் எழுதினார்கள். கணவன் மனைவி உறவு நன்றாக இருக்கும் இடத்தில் பெற்றோர் பிள்ளை உறவும் நன்றாக இருக்கிறது. அது கசந்தால் இதுவும் கசக்கிறது. கணவன் மனைவி உறவு கெட்டாலும் பிள்ளையிடம் மட்டும் அன்பாக இருந்துவிடலாம் என்று நினைக்கிறோம். நடைமுறையில் அது எளிதல்ல. இரவு ஒன்பது மணிக்குச் சில்க் போர்டு நெரிசலில் நசுங்கி வந்து, வீட்டில் ஒரு மணி நேரம் வாக்குவாதமும் செய்த ஒருவருக்கு, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கப் பொறுமை ஏது? ஒருநாள் எதற்கென்று இல்லாமல் அடி, மறுநாள் குற்ற உணர்ச்சியில் சாக்லேட். பிள்ளைக்கு எது சரி, எது தவறு என்ற கணக்கே குழம்பிவிடுகிறது. சிலர் தங்கள் துக்கத்தையெல்லாம் பிள்ளையிடமே சொல்லி அழுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை பெற்றவர்களின் பாரத்தைச் சுமக்கிறது.

எங்கள் தொழிலில் ஒன்று சொல்வோம். இரண்டு தண்டவாளங்களும் ஒன்றோடொன்று சேர்வதே இல்லை. பிராட்கேஜில் அவற்றுக்கு இடையே 1676 மில்லிமீட்டர். அந்த இடைவெளி சீராக இருக்கும்வரை ரயில் பத்திரமாக ஓடும். அதைச் சீராகப் பிடித்து வைத்திருப்பது ஸ்லீப்பர் கட்டை. பிரிந்த பெற்றோர் பலர் தங்கள் பிள்ளையை இந்த ஸ்லீப்பர் கட்டையாக்கி, இருபக்கத்துப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள். பிள்ளை ரயிலில் போகிற பயணி என்பதை மறந்துவிடுகிறோம்.

சட்டமும் நீதிமன்றமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் விவாகரத்து பெற்றவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். சட்டப்படி விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழ்பவர்கள் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு. அதாவது பெரும்பாலான பிரிவுகளில் நீதிமன்ற உத்தரவும் கிடையாது, பிள்ளையை யார் எப்போது பார்ப்பது என்ற ஏற்பாடும் கிடையாது. அதனால் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்வது நல்லது.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம். விவாகரத்து வழக்குப் போடாமலேயே பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. நீதிமன்றம் அனுப்பும் வழக்குகளில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசச் செய்வதற்கு, பெங்களூரில் 2007 முதல் சமரச மையமும் இயங்கிவருகிறது.

நம் கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-ல் ஒரு வழக்கில் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை குழந்தை தந்தையிடம், ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை தாயிடம். சனி, ஞாயிறுகளில் மற்றவர் வந்து பார்க்கலாம். ஒருவரிடம் இருக்கும்போது மற்றவரோடு தொலைபேசியிலும் வீடியோவிலும் பேச அனுமதிக்க வேண்டும். படிப்புச் செலவு ஆளுக்குப் பாதி. இந்தத் தீர்ப்பை மத்திய சட்ட ஆணையம் 2015-ல் தன்னுடைய 257-ஆவது அறிக்கையில் எடுத்துக்காட்டி, கூட்டுப் பொறுப்புக்குச் சட்டத்திலேயே இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெற்றோர் இருவருடைய அன்பையும் பெறுவது குழந்தையின் அடிப்படை மனித உரிமை என்று உச்ச நீதிமன்றமும் 2020 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் கூறியது.

எல்லாப் பிள்ளைக்கும் ஆறு மாதம், ஆறு மாதம் என்ற ஏற்பாடு பொருந்தாது. பள்ளி எங்கே, வீடுகளுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பெற்றோர் இருவரும் சண்டையில்லாமல் பிள்ளையைக் கைமாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். நேரத்தை நீதிமன்றம் குறித்துக் கொடுக்கும். வாசலில் பிள்ளையை ஒப்படைக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

1. சேர்ந்து வாழ்பவர்களுக்கு: சண்டையே இல்லாத வீடு கிடையாது. பிள்ளை முன் சண்டை போட்டிருந்தால், சமாதானம் ஆனதையும் அது பார்க்கட்டும். "அம்மாவும் அப்பாவும் பேசி முடிச்சிட்டோம்" என்று சொன்னாலே பிள்ளையின் கலக்கம் பெரிதும் தணிகிறது என்பது கம்மிங்ஸ் ஆய்வுகளில் கண்டது.

2. பிரிவது என்று முடிவானால், முடிந்தவரை இருவரும் சேர்ந்து பிள்ளையிடம் சொல்லுங்கள். "இது உன்னால் இல்லை" என்பதை ஒருமுறை சொன்னால் போதாது, பலமுறை சொல்லுங்கள். தன் தவறால்தான் அப்பா போய்விட்டார் என்று சிறு பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

3. பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். "உங்கப்பாகிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு" என்பதை நீங்களே போனில் சொல்லுங்கள்.

4. திரும்பி வந்த பிள்ளையை விசாரிக்காதீர்கள். "நல்லா இருந்துச்சா, சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்துங்கள். சொல்ல வேண்டியது இருந்தால் அதுவே சொல்லும்.

5. மற்றவரைப் பழிக்காதீர்கள். பிள்ளை தன்னில் பாதி அப்பா, பாதி அம்மா என்றுதான் நினைக்கிறது. யாரைத் திட்டினாலும் அதில் பாதி பிள்ளை மேல் விழும்.

6. வருகிறேன் என்ற நாளில் வாருங்கள். ஜன்னலில் நின்று காத்திருந்து ஏமாந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். தாமதமானால் போன் செய்யுங்கள்.

7. வீடு, பள்ளி, நண்பர்கள், தூங்கும் நேரம் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்றாதீர்கள். பெங்களூரில் கன்னடமும் ஆங்கிலமும் படித்த பிள்ளையை இடையில் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினால், அதற்கு இரண்டு இழப்பு ஒன்றாக வருகிறது.

8. தாத்தா பாட்டிகளே, நாம் வழக்கில் வாதியோ பிரதிவாதியோ அல்ல. வாயை அடக்குவதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி உதை நடக்கும் வீட்டில், பிள்ளைக்காகப் பொறுத்துப் போ என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். அந்த வீட்டில் இருப்பதே பிள்ளைக்குக் கேடு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணையும், பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆணையும் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. மன வேதனைக்கு 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022-ல் தொடங்கப்பட்ட இந்தச் சேவைக்குத் தலைமை நிலையம், நம் ஓசூர் சாலையிலேயே இருக்கும் நிம்ஹான்ஸ்தான்.

இன்று

அந்த இரவுக்குப் பிறகு பேரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்கப்பா மாதிரி இருக்கிறது தப்பில்லைடா, அவர் கணக்குல கெட்டிக்காரர்" என்றேன். அது பொய்யும் அல்ல. அடுத்த சனிக்கிழமை மருமகன் வந்தபோது வாசலிலேயே நிறுத்தாமல், "உள்ளே வாங்க மாப்பிள்ளை, காபி சாப்பிட்டுப் போகலாம்" என்றேன். அவர் தயங்கித்தான் வந்தார். மகள் சமையலறையிலேயே நின்றாள். அன்று யாரும் அதிகம் பேசவில்லை. பேரன் மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மகளும் மருமகனும் மறுபடி சேரவில்லை, சேரப்போவதும் இல்லை. பரீட்சை சமயத்தில் பையனுக்கு இன்னமும் எப்போதாவது வயிறு வலிக்கிறது. ஆனால் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் இருவரும் வந்து, அவனுக்கு இருபுறமும் உட்காருகிறார்கள். பீஸ் யார் கட்டுவது என்பதை அவர்களே பேசிக்கொள்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் பாதை திறந்த பிறகு, சனிக்கிழமைகளில் பேரனும் நானும் பொம்மனஹள்ளி நிலையத்தில் ஏறிக் கடைசி நிலையமான பொம்மசந்திரா வரை போகிறோம். அங்கே அப்பா பைக்கோடு காத்திருப்பார். பேரனுக்கு இப்போது வயது பதினான்கு. போகும் வழியெல்லாம் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறான். நான் வேறு எதுவும் கேட்பதில்லை.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்று இரவு அதன் முன்னால் நாம் என்ன பேசுகிறோம் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.